தானமாக வந்த மாட்டையும் பல்லைப் பிடித்துப் பாருங்கள்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். என் கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் வந்த பணத்தில் மணலி புதுநகரைத் தாண்டி விச்சூர் பக்கம் ஒன்றேகால் ஏக்கர் வாங்கினோம். 2 கறவை மாடு, 9 ஆடு, 30 நாட்டுக்கோழி இருக்கின்றன. காவலுக்கு 2 நாட்டு நாய். பார்த்துக்கொள்வது நாங்கள் இரண்டு பேர், பகலில் மட்டும் ஒரு பையன். பண்ணை வைத்திருக்கிறோம் என்று சொந்தக்காரர்களுக்குத் தெரிந்ததிலிருந்து ஒரே தொல்லை. கொளத்தூரில் இருக்கும் அண்ணன் மகள் கலர் கோழிக்குஞ்சு வாங்கி வளர்த்தாள், 6 குஞ்சும் சேவலாகிவிட்டன, வாங்கிக்கொள்ளுங்கள் அத்தை என்கிறாள். வியாசர்பாடி நாத்தனார் மகன் துபாய் போகிறான், அவனுடைய 20 பந்தயப் புறாக்களும் எங்களுக்காம். கணவரின் பழைய நண்பர் ஒரு பச்சைக்கிளியைக் கூண்டோடு தருகிறேன் என்கிறார். ஓரகத்தி குடும்பம் பெரம்பூரில் அபார்ட்மென்ட்டுக்கு மாறுகிறது. 9 வயது லாப்ரடார் நாயை நாங்கள்தான் வைத்துக்கொள்ள வேண்டுமாம். போன வாரம் விடியற்காலையில் கேட்டைத் திறந்தால் யாரோ ஒரு சின்னக் காளைக்கன்றைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். வேண்டாம் என்றால் “அவ்ளோ இடம் இருக்கே அக்கா, ஒரு நாய்க்கு இடம் இல்லையா?” என்று கேட்கிறார்கள். கணவருக்கு மனசு கேட்கவில்லை. முதுகு வலிப்பது எனக்கு. வாயில்லா ஜீவனை மறுப்பது பாவமா? எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது?
– வாசகி, மணலி புதுநகர்

அன்புள்ள சகோதரிக்கு,

கன்று ஏற்கெனவே உங்கள் கொட்டிலில் இருக்கிறது. அதனால் அதை முதலில் பார்த்துவிடலாம்.

கேட்டில் கட்டிய ஆளைத் தேடிப் பிடிப்பது நடக்காது. மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960-இன் 11ஆம் பிரிவில், பசி தாகத்தில் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம் என்று இருக்கிறது. ஆனால் முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். அதற்கு யார் பயப்படுவார்? இருந்தாலும் கன்றைப் போட்டோ எடுத்து, வந்த தேதியோடு பக்கத்துக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நாளைக்கு ஒருவர் வந்து “என் கன்று உங்களிடம் எப்படி வந்தது?” என்று சட்டையைப் பிடித்தால் கையில் ஒரு காகிதம் இருக்கும். வளர்ந்த மாட்டைக் கட்டிவிட்டுப் போயிருந்தால் இது இன்னும் முக்கியம், திருட்டு மாடாகவும் இருக்கலாம். காதில் மஞ்சள் வில்லை இருந்தால் அதிலுள்ள 12 இலக்க எண்ணை உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கொடுங்கள். யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வார்கள்.

கறவை மாடு வைத்திருக்கும் வீட்டுக்குக் காளைக்கன்று நஷ்டக் கணக்கு. அது குடிக்கும் பால் விற்கிற பால். அதனால் பிறந்த ஓரிரு நாளில் தள்ளிவிடப் பார்ப்பார்கள். இப்படி வரும் கன்றில் எனக்கு முதலில் வரும் கவலை சீம்பால். பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போனால்தான் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கன்றுக்குக் கிடைக்கும். ஒரு நாள் கடந்துவிட்டால் குடலுக்கு அதை இழுத்துக்கொள்ளும் திறன் போய்விடும். உங்கள் கன்று சீம்பால் குடித்ததா என்று இனிமேல் கேட்க ஆளில்லை. குடிக்கவில்லை என்றே வைத்துக்கொண்டு கவனியுங்கள்.

தொப்புளைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்து சுருங்கியிருக்க வேண்டும். விரல் பருமனில் தடித்து, தொட்டால் கன்று உதறிக்கொண்டு நகர்ந்தால் உள்ளே சீழ் பிடித்திருக்கிறது. அது அப்படியே முழங்கால் மூட்டுக்கு இறங்கும். கழிச்சல் இருக்கிறதா என்று வாலைத் தூக்கிப் பாருங்கள். கழுத்துத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விடுங்கள். உடனே படியாமல் மடிப்பு நின்றாலும், கண் உள்ளே போயிருந்தாலும், உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். அப்போது நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குப் போன் செய்யுங்கள். பால் கணக்கு சுலபம்: உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு ஒரு நாளைக்கு. 20 கிலோ கன்றென்றால் 2 லிட்டர், அதையும் மூன்று வேளையாகப் பிரித்து, உடம்புச் சூட்டில். பாவம் பசிக்கிறதே என்று ஒரே வேளையில் நிரப்பினால் கழிச்சல்தான் மிஞ்சும். வாயைத் திறந்து குழாயில் ஊற்றவே ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். உங்கள் விரலைச் சப்பவிட்டபடியே கன்றின் வாயைப் பால் பாத்திரத்துக்குள் இறக்குங்கள். இரண்டு மூன்று நாளில் தானே குடிக்கப் பழகிவிடும். இரண்டு வாரம் ஆகும்போது முதல் குடற்புழு மருந்து. ஒரு மாதம் வரை உங்கள் மாடுகள் கட்டும் கொட்டிலில் வேண்டாம், தள்ளி வையுங்கள்.

அப்புறம் உங்கள் கணவரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். புட்டியில் வளர்ந்த காளைக்கன்று மனிதனைத் தன் மந்தையில் ஒரு ஆளாக நினைத்துக்கொள்ளும். மூன்று மாதத்தில் தலையால் முட்டி விளையாடும், பேரப்பிள்ளைகள் கைதட்டிச் சிரிப்பார்கள். ஒன்றரை இரண்டு வயதில் அதே விளையாட்டை 300 கிலோ உடம்போடு ஆடும். ஜெர்சி கலப்பு என்றால் இன்னும் ஜாக்கிரதை. பசு சாது, காளை அப்படி இல்லை. வளர்ப்பதென்று முடிவெடுத்தால் முட்டும் விளையாட்டை முதல் நாளிலிருந்தே அனுமதிக்காதீர்கள். உரிய வயதில் கால்நடை மருத்துவரை வைத்துக் காயடித்துவிடுங்கள். வளர்க்கவில்லை என்றால், ஒழுங்காக நடக்கும் ஒரு கோசாலையை நேரில் போய்ப் பார்த்துவிட்டு ஒப்படையுங்கள். வாசலில் நின்று பேசிவிட்டு வராதீர்கள். உள்ளே போய், அங்கிருக்கும் மாடுகளின் விலா எலும்பு தெரிகிறதா என்று பாருங்கள். வேண்டாத காளைக்கன்றுகள் பெரும்பாலும் எங்கே போய்ச் சேர்கின்றன என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சரி, “அவ்ளோ இடம் இருக்கே” என்ற பேச்சுக்கு வருவோம்.

வடசென்னையில் எட்டடிச் சந்தில், மாடிப்படிக்கு அடியில் நாயும், மொட்டை மாடியில் புறாவும் வைத்துச் சமாளிக்கிறவர்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் என்றால் கண் விரியத்தான் செய்யும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் பண்ணையில் தட்டுப்பாடாக இருப்பது இடம் இல்லை. கைகள்தான். நான்கு கை, பகலில் ஆறு. ஒரு வளர்ந்த மாடு நாளொன்றுக்கு 20 முதல் 25 கிலோ பசுந்தீவனம் தின்னும், 50 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும், தின்றதற்கு ஏற்ப சாணி போடும். அதை அள்ளுவது யார்? உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. அதோடு உங்கள் வட்டாரத்து நிலத்தடி நீர் எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். மீஞ்சூர் பக்கம் கடல் நீர் நிலத்துக்குள் ஏறியது பல பத்தாண்டுகளாக இருக்கும் பிரச்சினை. உப்பு ஏறிய போர் தண்ணீரில் தீவனப்புல் நினைத்தபடி வராது. புல் வராவிட்டால் கடையில் வாங்க வேண்டும். தருகிறவர்கள் பிராணியைத் தருவார்கள், தவிட்டு மூட்டையைத் தர மாட்டார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. அதை நான் கொசஸ்தலை ஆற்றங்கரை ஓரம் பண்ணை வைத்திருக்கும் எல்லோரையும் போட்டுப் பார்க்கச் சொல்வேன். பூண்டியில் தண்ணீர் திறந்தால் உங்கள் பக்கம் என்ன ஆகும் என்பது 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் வந்த 2023 டிசம்பரிலும் எல்லோரும் பார்த்ததுதான். இரவு பத்து மணிக்குத் தண்ணீர் வருகிறது என்றால், ஒரு குட்டியானை வண்டியில், நீங்கள் இரண்டு பேர் மட்டும், இரண்டு நடையில் மேட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடியது எத்தனை பிராணி? உங்கள் பண்ணையின் அளவு அதுதான். பத்திரத்தில் எழுதியிருக்கும் ஒன்றேகால் ஏக்கர் அந்த இரவுக்கு உதவாது. என் கணக்குப்படி 2 மாடு, 9 ஆடு, கூடைகளில் 30 கோழி என்பதே அந்த வண்டிக்கு முழுச் சுமை.

அதனால் மறுப்பது பாவமா என்ற கேள்விக்கு என் பதில், இல்லை. ஏற்கெனவே உங்களை நம்பியிருக்கும் ஜீவன்களின் தீனியையும் கவனிப்பையும் பிய்த்துப் புதிதாக வந்ததற்குக் கொடுப்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று நம் ஊரில் ஒரு பழமொழி சொல்வார்கள். மரியாதைக்குச் சரி. மருத்துவனாக நான் சொல்வது, முதலில் பல்லைத்தான் பாருங்கள். சும்மா தருகிறேன் என்று கறவை மாடு வந்தால் கீழ்த்தாடையின் முன்பற்களைப் பாருங்கள். இரண்டு வயதுக்கு மேல் முதல் ஜோடி பால்பல் விழுந்து பெரிய பல் வரும். ஐந்து வயதுக்குள் எட்டுப் பல்லும் சேர்ந்துவிடும். மூன்றாம் ஈத்து என்று சொல்லிக்கொண்டு, பல் தேய்ந்து இடைவெளி விழுந்த மாடு வரும். அதைவிட முக்கியம், ஏன் தருகிறார்கள் என்பது. சினை பிடிக்கவில்லையா, மடிநோயா, கன்று வீசியதா, அதாவது கரு கலைந்ததா? கடைசிக் கேள்விக்குப் பதில் மழுப்பலாக வந்தால் மாட்டை உள்ளே விடாதீர்கள். கன்று வீச்சு நோய் உங்கள் இரண்டு பசுக்களுக்கும் பரவும். பாலைக் காய்ச்சாமல் குடித்தாலும், வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுத்தாலும் மனிதருக்கே வரும். விட்டு விட்டு அடிக்கும் காய்ச்சலும் மூட்டுவலியுமாக மாதக்கணக்கில் படுத்தும். கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் ஒரே முறை போடும் தடுப்பூசி அரசு மருந்தகத்தில் இருக்கிறது, வளர்ந்த மாட்டுக்கு அது கிடையாது. வேண்டுமென்றால் ரத்தப் பரிசோதனை செய்து, முடிவு வந்த பிறகு ஓட்டிவரச் சொல்லுங்கள். மனசார தருகிறவர் அதற்குச் சம்மதிப்பார்.

இப்போது சேவல்கள். 6 குஞ்சும் சேவலானது உங்கள் அண்ணன் மகளின் ராசி இல்லை. தள்ளுவண்டியில் பச்சை, ரோஸ் என்று சாயம் முக்கி விற்பவை பெரும்பாலும் முட்டைக்கோழிக் குஞ்சுப் பொரிப்பகங்களில் கழித்த ஆண் குஞ்சுகள். முட்டையிடாது, கறியும் பிடிக்காது என்பதால் அங்கே அவற்றுக்கு மதிப்பில்லை. அதில் பிழைத்து வளர்ந்ததே அந்தப் பெண்ணின் பராமரிப்புக்குச் சாட்சி. ஆனால் 30 கோழிக்கு மூன்று சேவல் தாராளம், அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். இன்னும் 6 வந்தால் தினமும் ரத்தக் கொண்டை, முதுகில் இறகு உதிர்ந்த பெட்டைகள். கறிக்குத்தான் போகும் என்றால் அதை அவளிடம் முதலிலேயே சொல்லிவிட்டு வாங்குங்கள். “அத்தை பண்ணையில ஜாலியா இருக்கு” என்று அவள் நினைத்துக்கொண்டிருக்க, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் குழம்பு வைத்தால், அடுத்த கல்யாணத்தில் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

சேவலில் எனக்குப் பெரிய பயம் வெள்ளைக்கழிச்சல். அந்தச் சேவலைப் பார்த்தால் நன்றாகவே இருக்கும், உள்ளே கிருமி இருக்கும். நாட்டுக்கோழிக் கூட்டத்தில் நுழைந்தால் முதல் நாள் இரண்டு கோழி சொங்கிப் போய் நிற்கும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், ஒன்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். தடுப்பூசி போடாத கூட்டமென்றால் ஒரு வாரத்தில் கூண்டு காலி. உங்கள் கோழிகளுக்கு, யார் வந்தாலும் வராவிட்டாலும், எட்டு வாரத்துக்கு மேல் இறக்கைக்கு அடியில் போடும் ஊசி போட்டிருக்க வேண்டும். கால்நடை பராமரிப்புத் துறை முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள். மருந்து ஐஸில் வந்ததா என்று மட்டும் பாருங்கள். சூடான மருந்து போட்டதும் ஒன்று, போடாததும் ஒன்று.

புது வரவு எதுவானாலும் தனியாக வைக்க ஓர் இடம் இல்லாதவர் எதையும் வாங்கக் கூடாது. பறவைக்கு மூன்று வாரம், ஆடு மாட்டுக்கு ஒரு மாதம். தனியாக என்றால் அதே கொட்டிலின் மறு மூலை இல்லை; காற்று உங்கள் கொட்டிலிலிருந்து அந்தப் பக்கம் அடிக்கும்படி, தோட்டத்தின் அந்தக் கோடியில். தனித் தண்ணீர்த் தொட்டி, தனிச் செருப்பு. காலையில் உங்கள் பிராணிகளை முதலில் பார்த்து முடித்துவிட்டு, கடைசியாகத்தான் புதுசிடம் போக வேண்டும். இது தலைகீழாக நடக்கும் பண்ணைகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்; புது ஆட்டுக்குட்டி மேல் உள்ள ஆசையில் எழுந்ததும் அதைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, அதே கையோடு மந்தைக்குப் போவார்கள். ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தூக்கிச் செல்ல ஆள் கிடைத்த மாதிரி. அந்த மூன்று வாரத்தில் கோழி ஏதாவது செத்தால் புதைத்துவிடாதீர்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் வைத்து, மாதவரம் பால்பண்ணையில் இருக்கும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு அன்றைக்கே கொண்டுபோங்கள். இவ்வளவு பக்கத்தில் அந்த வசதி கிடைத்தும் பயன்படுத்தாதவர்கள் நிறைய.

புறா விஷயத்தில் சந்தேகமே வேண்டாம், வாங்காதீர்கள். ஒன்று, வெள்ளைக்கழிச்சல் வைரஸின் இன்னொரு வகை புறாவில் உண்டு; கழுத்து முறுக்கிக்கொண்டு, தானியத்தைக் குறி தவறிக் கொத்தும் புறாவைப் பந்தயக்காரர்கள் எல்லோருமே பார்த்திருப்பார்கள். அது கோழிக்கும் தாவும். இரண்டு, அவை பந்தயப் புறாக்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வீடு திரும்பவே பழக்கப்பட்டவை. நீங்கள் கூண்டைத் திறந்துவிட்டுக் காபி குடித்து முடிப்பதற்குள் வியாசர்பாடி மொட்டை மாடியில் இறங்கி, பூட்டின கூட்டைச் சுற்றிச் சுற்றி வரும். ஆயுள் முழுக்க அடைத்து வைத்தால்தான் உங்களிடம் நிற்கும். அதற்கு அவை என்ன தப்பு செய்தன? நாத்தனார் மகனிடம் சொல்லுங்கள்: வியாசர்பாடி, புளியந்தோப்பில் புறா விடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், கால் வளையத்தைப் பார்த்தே ஜாதி சொல்லுவார்கள். வளர்ந்ததை அடைத்து வைத்துக் குஞ்சு எடுக்கவும், அந்தக் குஞ்சைப் புதுக் கூட்டுக்குப் பழக்கவும் அவர்களுக்குத் தெரியும். அவனுக்கே அது தெரியும். ஆள் தேட நேரமில்லை, அதனால் மாமா வீடு ஞாபகம் வந்திருக்கிறது.

பச்சைக்கிளி சட்டம் சம்பந்தப்பட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் அது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. வாங்கிய நிமிடத்திலிருந்து வழக்கு உங்கள் பெயரில். நண்பரையே வனத்துறையிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள். “தோட்டத்துல பறக்க விட்டுடுங்க” என்பார். பல வருஷம் கூண்டில் இருந்த கிளிக்குப் பறக்கத் தெம்பும் இருக்காது, இரை தேடவும் தெரியாது. காக்கையும் பூனையும் அன்றைக்கே முடித்துவிடும். நட்சத்திர ஆமையை அதிர்ஷ்டம் என்று வைத்திருந்துவிட்டுத் தள்ளிவிடப் பார்ப்பவர்களும் வருவார்கள். அது முதல் அட்டவணை, தொடவே தொடாதீர்கள்.

உங்கள் தோட்டத்தில் குட்டை இருந்தால், கொளத்தூர் மீன் கடைகளில் வாங்கிய சிவப்புக்காது ஆமையும், தொட்டி சுத்தம் செய்யும் அந்தக் கறுப்பு மீனும் அடுத்தபடியாக வரும். ஒரு ரூபாய்க் காசு அளவில் வாங்கிய ஆமை சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்திருக்கும், இன்னும் இருபது முப்பது வருஷம் இருக்கும். இரண்டும் வெளிநாட்டு இனங்கள். குட்டை மழையில் வழிந்தால் ஆற்றுக்கும் ஏரிக்கும் போய் நம் மீன்களைக் காலி செய்யும். முயல் வந்தால், இரண்டும் பெட்டை என்று யார் சத்தியம் செய்தாலும் நம்பாதீர்கள். 31 நாளுக்கு ஒருமுறை உண்மை தெரிந்துவிடும், குட்டி போட்ட அன்றைக்கே மறுபடி சினை பிடிக்கும். சென்னை மே மாதம் முயலுக்கு ஆகாது, அது வேறு.

எப்படி மறுப்பது என்பதுதான் உங்களுக்கு நிஜமான கஷ்டம், அது கடிதத்தில் தெரிகிறது. இழுக்காதீர்கள். “பார்க்கலாம்மா” என்று சொல்லி வைத்தால் வருகிற ஞாயிறு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிவிடும். போனிலேயே, கேட்டுக்கு வெளியிலேயே பேச்சு முடிய வேண்டும். பிராணியை நேரில் பார்த்துவிட்டால் உங்கள் கணவரால் முடியாது, அவரைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள். “டாக்டர் புதுசா எதையும் சேர்க்கக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டார்” என்று பழியை என் மேல் போடுங்கள், பரவாயில்லை. அதற்கும் மசியாதவர்களிடம் நான்கு விஷயம் கேளுங்கள்: தடுப்பூசி அட்டை எங்கே, எதனால் தருகிறீர்கள், மாதாமாதம் தீவனத்துக்கு எவ்வளவு தருவீர்கள், எங்களுக்கு ஒத்துவராவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? மூன்றாவது கேள்வியிலேயே பாதிப் பேர் “வேற யாரையாவது கேட்டுப் பார்க்கிறேன் அக்கா” என்று போனை வைத்துவிடுவார்கள். நான்குக்கும் நேராகப் பதில் சொல்கிறவர் வந்தால், அவருடைய ஆட்டையோ கோழியையோ வாங்குவது பற்றி யோசிக்கலாம். உங்களுக்குப் பயன்படும் பெட்டை ஆடு, முட்டை வைக்கும் கோழி, இவற்றுக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

கேட்டில் கட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு விளக்கும் ஒரு கேமராவும் போடுங்கள். கேமரா வேலை செய்யாவிட்டாலும் கூட, சிவப்பு விளக்கு எரிந்தால் போதும்.

லாப்ரடாரைக் கடைசிக்கு வைத்தேன், ஏனென்றால் அதில் மட்டும் எனக்கு உங்கள் ஓரகத்தியிடம் பேச வேண்டும் போலிருக்கிறது. 9 வயது அந்த ஜாதிக்கு முதுமை. டைல்ஸ் தரையில், ஃபேன் காற்றில், வீட்டு மனிதர்களின் காலடியில் படுத்த நாய். விச்சூர் வெயிலில், உண்ணி நிறைந்த புல்லில், 2 நாட்டு நாய்களின் எல்லைக்குள் அதைக் கொண்டுவந்து விட்டால், முதல் வாரம் சாப்பிடாது, கேட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். அப்புறம் உண்ணிக்காய்ச்சல் வரும். ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வந்த பிறகு வேப்பேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள். இடுப்பு மூட்டு ஏற்கெனவே தேய ஆரம்பித்திருக்கும். காவலுக்கும் ஆகாது. வருகிற திருடனிடம் வாலை ஆட்டும்.

அவர்கள் நாயை விடுவதற்கு அபார்ட்மென்ட் சங்கம் காரணமென்றால், இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் அவர்கள் பக்கம் இருக்கிறது. குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை ஓட்டு போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினாலும் வளர்ப்பு நாயே கூடாது என்று தடுக்க முடியாது என்று 2015-லேயே எழுதிவிட்டார்கள். மாநகராட்சி உரிமம், வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, லிஃப்டில் சங்கிலி போட்டுக் கூட்டிப்போனால் போதும். அந்த வயது நாய்க்கு ஒரு நாளைக்கு இரண்டு நடை, மீதி நேரம் தூக்கம். இரண்டு பெட்ரூம் வீடு தாராளம். இதை அவர்களிடம் சொல்லிப் பாருங்கள், பாதி பயம் அங்கேயே தீரும்.

அப்படியும் முடியாது என்றால், பொருட்களோடு வந்து இறக்க வேண்டாம். வீடு மாறுவதற்கு முன் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை பகலில் மட்டும் கூட்டிவரச் சொல்லுங்கள். உங்கள் நாய்களோடு கேட்டுக்கு வெளியே, பொது ரோட்டில் சேர்ந்து நடக்க விடுங்கள். ஏழு நோய்த் தடுப்பூசியும் வெறிநாய்த் தடுப்பூசியும் போட்ட அட்டை, உண்ணி மருந்து, பழகின தீனி ஒரு மாதத்துக்கு, அது படுக்கும் துவைக்காத போர்வை, இத்தனையும் அவர்களே கொண்டுவர வேண்டும். மருத்துவச் செலவு யாருடையது என்பதை உங்கள் கணவரும் அவர் தம்பியும் முதலிலேயே பேசிக்கொள்ளட்டும். நாய் உங்கள் தாழ்வாரத்தில் படுக்குமே தவிர, தோட்டத்தில் கட்டக் கூடாது. இவ்வளவுக்கும் ஒப்புக்கொண்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அதற்கு என்ன எடை, என்ன மருந்து சாப்பிடுகிறது என்ற விவரத்தோடு.